கிணற்றடி உவர்

எங்கள் ஒழுங்கைக்கு இரகசியம் வந்தது போன சித்திரையில், ஒரு லொறியில்.

லொறியிலிருந்து இறக்கிய சாமான்கள்: இரண்டு கதிரைகள், ஒரு மேசை, பூட்டுள்ள இரும்பு அலுமாரி, கண்ணீர் துடைக்கிற கடதாசிப் பெட்டி, ஒரு கமெரா, மும்மொழியில் ‘இரகசிய அறை’ என்று எழுதிய பலகை. பலகையில் ஒரு அம்புக்குறியும் இருந்தது. அதே மாதிரி அம்புக்குறி போட்ட இன்னொரு பலகையை உரும்பிராய் றோட்டில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற அந்நிய ஆள்கூட யாரிடமும் வழி கேட்காமல் இரகசியத்துக்குப் போய்ச் சேரலாம்.

என் வீட்டு மதிலுக்கு அடுத்த காணி, அவசர உதவிச் சபையின் நிலையம். இரண்டு அம்புலன்ஸ், ஒரு தீயணைப்பு வாகனம், பதினாறு பேர். மதில் என்று சொன்னேனே தவிர, அது முழு மதில் இல்லை. நடுவில் கிணறு வந்துவிட்டது. அந்த நாளில் இரண்டும் ஒரே காணி, கிணறு பங்குக் கிணறு. அதனால் மதில் கிணற்றின் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் திரும்பத் தொடங்கும். அவர்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. தண்ணீர் ஒன்று, கப்பி இரண்டு.

தண்ணீர் கற்கண்டு. ஒழுங்கையில் பாதிச் சனம் தேத்தண்ணிக்கு என் பக்கத்தில்தான் அள்ளும். வாளியோடு வருகிறவர்கள் வெறும் வாளியோடு வருவதில்லை. எந்த வீட்டில் கலியாணப் பேச்சுக் குழம்பியது, எந்த அண்ணனும் தம்பியும் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கூட வரும். நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அள்ளி முடியும் வரைக்கும் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான்.

அறைத் திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பார்த்தீபன் வந்தார். சபையின் இரகசியப் பாதுகாப்புப் பிரிவுக்குப் பணிப்பாளர். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்பு. தமிழை அச்சில் வருகிற மாதிரியே கதைப்பார். நாதஸ்வரம் வைத்து, மங்கள விளக்கேற்றி, நான்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். அதில் ஒன்றின் வாய் என் குசினி அடுப்பைப் பார்த்தபடி இருந்தது.

“உயிர் காக்கும் வீரர்களே,” என்றார் பார்த்தீபன். “நீங்கள் அன்றாடம் காணும் கோரங்கள் உங்கள் மனதை வருத்தும். அதைச் சக ஊழியர் ஒருவரிடம் நீங்கள் மனந்திறந்து கூறலாம். இந்த அறையில் பேசப்படும் எதுவும் வெளியே போகாது. போனால் எந்த வழியால் போனது என்று கண்டறியக் கமெரா பொருத்தியுள்ளோம். ஒவ்வோர் உரையாடலும் நான்கு பிரதிகளில் எழுதப்படும். ஒன்று நிலையத்துக்கு, ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று தலைமையகத்துக்கு. நான்காவது, இந்த மூன்றையும் யார் வாசித்தார்கள் என்று கையொப்பம் பெறுவதற்கு. ஆனால் உரையாடியவரின் பெயர் எக்காரணம் கொண்டும் எழுதப்படாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு படிவத்தைக் கொடுத்தார்கள். முதலாவது நிரல்: ‘பெயர் – எழுதக் கூடாது.’ இரண்டாவது: ‘மேலே பெயர் எழுதப்படவில்லை என்பதை உறுதிப்படுத்துபவரின் பெயர்.’ மூன்றாவது: ‘உரையாடியவரின் கையொப்பம்.’

கேட்டுக்கொண்டிருக்கிறதற்குச் சிமியோனைத் தெரிவுசெய்தார்கள். குருநகர் ஆள். தீயணைப்பில் இருபத்திரண்டு வருடம். ஒரு முழு நாளை நாலு சொல்லோடு கொண்டுபோகக்கூடியவர். மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ‘இரகசியச் செவிமடுப்பாளர்’ என்று எழுதிய செம்மஞ்சள் பட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அதன் பிறகு சிமியோன் யாரோடு நின்று கதைத்தாலும் அந்த ஆளுக்கு ஏதோ என்று ஒழுங்கை முழுக்க விளங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை சும்மா கிடந்தது.

அறைக்கும் ஒருவரும் போகவில்லை. காரணம் லோஜன்.

லோஜன் அங்கே அம்புலன்ஸ் சாரதி. முந்தின வருடம் ஒரு நாள் கிணற்றடியில் குந்தியிருந்து அழுதான். கண்ட ஒருவர் அதைப் பஸ் தரிப்பிடத்தில் சொல்ல, பின்னேரத்துக்குள் அது பொறுப்பதிகாரி பஞ்சலிங்கத்தின் காதுக்குப் போய்விட்டது. மருத்துவச் சபை பார்த்துச் சொல்லும் வரைக்கும் வாகனச் சாவி இல்லை என்று லோஜனை ஸ்ரோருக்கு மாற்றினார்கள். மருத்துவச் சபை மூன்று வருடமாகக் கூடவில்லை. பழைய ஸ்ரெச்சர்களுக்குக் காவலாக லோஜன் இன்னும் அங்கேயே இருக்கிறான். பஸ் தரிப்பிடத்தில் சொன்ன வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும். லோஜனுக்கும் தெரியும். என்னைக் கண்டால் சைக்கிளை றோட்டின் மற்றக் கரையால் எடுப்பான்.

ஆவணியில் அரியாலைப் பக்கம் ஒரு விபத்து நடந்தது. முதலில் போய்ச் சேர்ந்த அம்புலன்ஸை ஓட்டியது மயூரதன் என்ற சாரதி. முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைகள். அடுத்த நாளிலிருந்து, வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் கிணற்றடிக்கு வரத் தொடங்கினார். அங்கே மோட்டரும் குழாயும் இருக்கின்றன. அவர் கப்பியில்தான் அள்ளினார். உடுப்போடு நின்று தலையில் ஊற்றினார். அந்தக் கப்பிக்கு எண்ணெய் விட்டுப் பல காலம். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தரம் கத்தும். முதல் நாள் நாற்பத்தொரு தரம் கத்தியது.

மூன்றாம் நாள் சிமியோன் வந்தார். பட்டியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் குந்தினார். வாளிகள் முடியும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மயூரதன் கதைத்தார். என் பக்கத்துக் கட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் இங்கே சொல்லலாம்.

“வாகனம் ஓடேக்கை ஒண்டும் இல்லை அண்ணை. நிண்டாப்பிறகுதான்.”

“அப்ப நிண்டாப்பிறகு இஞ்சை வா,” என்றார் சிமியோன். “நான் நிக்கிறன்.”

அதன்படி நின்றார். புதன்கிழமைகளில் இரண்டு பேரும் சிமியோனின் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு டொக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எந்த டொக்டர் என்றும் எனக்குத் தெரியும். புரட்டாதிக் கடைசியில் கப்பி இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பஞ்சலிங்கத்துக்குத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. கிணற்றடிக்கே வந்து சிமியோனைப் பிடித்தார்.

“ஐசே சிமியோன், அஞ்சு மாசமாய்ப் பூச்சியம். மற்ற ஸ்ரேசனுகளிலை ஒன்பது பத்து எண்டு இரகசியம் அனுப்பியிருக்கினம். எங்களிட்டை இருந்து ஒண்டு கூடப் போகேல்லை.”

“ஆக்கள் வந்து சொன்னாத்தானே சேர்.”

“வராட்டி நீர் போய்க் கேளும். முப்பதாந் திகதிக்கு முன்னம் என்ரை மேசையிலை ஒரு இரகசியம் இருக்கோணும். இல்லாட்டி உம்மை வேறை எங்கையும் மாத்திப்போட்டு, நல்லாக் காது கேக்கிற ஆளைப் போடுவினம்.”

“ஆரெண்டு பிறகு கேப்பினமோ?”

“பெயர் எழுதக் கூடாது எண்டு போட்டிருக்கெல்லே. பிறகென்ன?”

சிமியோன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். தன்னை மாற்றினால் கிணற்றுக் கட்டில் இருக்க ஆள் இல்லை. அன்றைக்கே படிவத்தை நிரப்பினார். பெயர் எழுதக் கூடாது, ஆளைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. கிட்ட நிற்பவர் இவர். தூர நிற்பவர் அவர். இரண்டும் இல்லாமல், கதைக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஆள் யாரென்று தெரிந்து, பெயரைச் சொல்ல மட்டும் மனம் வராத இடத்தில் உவர். இந்தச் சொல் இல்லாவிட்டால் எங்கள் ஒழுங்கையில் பாதிக் கதை கதைக்கவே ஏலாது.

சிமியோன் எழுதியது இவ்வளவுதான்: ‘ஒரு மாதமாக உவர் கிணற்றடியில். முந்தியைவிட இப்போது பரவாயில்லை. உவரால் வாகனத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. உவரை இங்கிருந்து எடுக்க வேண்டாம்.’

கொழும்பில் உவர் என்றால் உப்புத் தண்ணீர்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. ‘தங்கள் நிலையக் கிணற்றில் உவர் காணப்படுவதாக மிக இரகசியமாக அறியக் கிடைத்தது.’ கடிதத்துக்குப் பின்னால் இரண்டு வாகனங்களில் ஐந்து பேர் போத்தல்களோடு வந்தார்கள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தண்ணீர் எடுத்தார்கள். என் பக்கத்திலும் ஒரு போத்தல் எடுத்தார்கள். முடிவு: குடிப்பதற்கு மிகவும் உகந்த நீர். எனக்குப் பெருமையாக இருந்தது.

தலைமையகத்துக்குப் பெருமையாக இருக்கவில்லை. ‘உவர் இருப்பதாக அறிக்கையிட்டுவிட்டு, பரிசோதனையின்போது உவர் இல்லாதிருந்தது ஏன் என விளக்கம் தருக’ என்று பஞ்சலிங்கத்துக்கு எழுதினார்கள். பஞ்சலிங்கம் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. வேலைக்கு வராத ஆளைப் பற்றி மேலிடம் விளக்கம் கேட்டால், முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். எழுதினார்: ‘குறித்த மூன்று தினங்களும் உவர் விடுமுறையில் இருந்தார்.’

அந்த ‘தார்’ கொழும்பில் இடிபோல் இறங்கியது. உவர் ஒரு ஆள்.

விசாரணைக் குழு தை மாதம் வந்தது. அறையில் நடத்தப் பார்த்தார்கள். அறையின் சாவி பாதுகாப்புக்காகக் கொழும்பில் இருந்தது. ஆகவே மண்டபத்தில் மேசை போட்டு, ஒலிப்பதிவுக்கு மைக் வைத்தார்கள். அந்த வயரின் மற்ற நுனியில், விழாவுக்குக் கட்டின ஒலிபெருக்கி இன்னும் என் குசினியைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் அடுப்பை நிற்பாட்டினேன்.

“சிலர் கேட்கலாம்,” என்று பார்த்தீபன் தொடங்கினார், “பெயரை மறைப்பதற்கான திட்டத்தில் பெயரை ஏன் தேடுகிறீர்கள் என்று. யாருடைய பெயரை மறைக்கிறோம் என்று தெரியாமல் அதை எப்படி மறைக்க முடியும்? பெயர் தெரிந்த கணமே அவர் முழுமையான பாதுகாப்புக்குள் வருவார். அதன் பின் அவர் வாகனம் ஓட்டமாட்டார். ஏன் ஓட்டவில்லை என்பதை நாம் எவரிடமும் கூறமாட்டோம். அவர் கேட்டாலும் கூறமாட்டோம்.”

முதலில் சிமியோனைக் கூப்பிட்டார்கள்.

“உவர் யார்?”

“எவர் சேர்?”

“உமது படிவத்தில் உள்ள உவர்.”

“உங்கடை பக்கம் நிண்டா உவர் சேர். என்ரை பக்கம் நிண்டா இவர்.”

குழுவோடு வந்த, குறிப்பு எழுதுகிற பிள்ளை வாசித்தாள்: “உவர் தலைமையகத்தின் பக்கம் நிற்பவர் எனச் சாட்சி கூறினார்.”

“அதை வெட்டு,” என்றார் பார்த்தீபன்.

பிறகு லீவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த மூன்று நாளும் லீவில் நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் சிதம்பரத்துக்குப் போனவர். ஒருத்தி பிள்ளைப்பேற்று லீவு. மூன்றாவது பெயரைப் பார்த்தீபன் இரண்டு தரம் வாசித்தார். பஞ்சலிங்கம் பொய்க்கு எழுதின பதில், போய்ச் சரியான ஆளில் முட்டிக்கொண்டு நின்றது.

“மயூரதன். அந்த மூன்று நாளும் ஏன் விடுமுறை?”

“சொந்த அலுவல் சேர்.”

“என்ன அலுவல்?”

குசினிக்குள் லீவுப் புத்தகம் புரட்டுகிற சத்தம் வந்தது.

“கிணற்றடிக்குப் போவீரா?”

“தண்ணி அள்ள எல்லாரும் போறதுதானே சேர்.”

“குழாய் இருக்கிறதே.”

பிறகு பஞ்சலிங்கத்தின் குரல், உதவி செய்கிற அவசரத்தில்: “சேர், கிணத்தடிச் சங்கதி எண்டா அடுத்த வீட்டு உவவைக் கேட்டாப் போதும். ஊரிலை உவவுக்குத் தெரியாத ஒண்டும் இல்லை. கேக்காமலே சொல்லுவா.”

உவருக்குப் பெண்பால் உவ; சொன்னது என்னை. ஆள் வந்து கூப்பிட முன்னமே நான் சேலையை மாற்றிவிட்டேன்.

மண்டபத்தில் எல்லோரும் நின்றார்கள். மயூரதன் கைகளைப் பின்னுக்குக் கட்டியிருந்தார். ஒரு கை மற்றக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. சிமியோன் என் வாயைப் பார்த்தார். ஸ்ரோர் வாசலில் லோஜன் நின்றான். அவனும் என் வாயைத்தான் பார்த்தான். என் வாயை இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நிற்க நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

“பெயர்?”

“அருந்ததி.”

“அம்மா, நீங்கள் சொல்வது இந்தச் சுவர்களை விட்டு வெளியே போகாது,” என்றார் பார்த்தீபன். வெளியே ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. ஒழுங்கையில் ஒரு நாய் குரைத்தது. “உங்களுக்கு உவரைத் தெரியுமா?”

“ஓம், தெரியும்.”

சிமியோன் கண்ணை மூடினார்.

“எவ்வளவு காலமாக?”

“நான் கலியாணம் முடிச்சு இஞ்சை வந்த நாளிலையிருந்து. முப்பத்தெட்டு வருசம்.”

பார்த்தீபன் மயூரதனைப் பார்த்தார். வயது பொருந்தவில்லை.

“தெளிவாகச் சொல்லுங்கள். உவர் எங்கே இருக்கிறார்?”

“எங்கை இருக்கிறது? கிணத்துக்குள்ளைதான் தம்பி. தண்ணி நல்ல உவர். அதைத்தானே உந்தச் சிமியோனும் எழுதினது.”

“ஆனால் பரிசோதனையில் நல்ல நீர் என்று...”

“நீங்கள் ஐப்பசி மழைக்கை வந்து அள்ளிக்கொண்டு போனியள். மழை பெய்தா உவர் லீவு. இஞ்சை அப்பிடித்தான் சொல்லுறது. தை பிறக்கத் திரும்பி வந்திடும்.”

அப்படி எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. அன்றைக்குத்தான் முதல் தரம் சொல்லப்பட்டது.

“லீவு,” என்றார் பார்த்தீபன் மெதுவாக. கடிதத்தை எடுத்துப் பார்த்தார். “அப்படியானால், ‘விடுமுறையில் இருந்தார்’ என்று...”

“பஞ்சலிங்கம் தண்ணிக்கும் மரியாதை குடுத்து எழுதுற மனிசன்.”

பஞ்சலிங்கம் சேட்டுக் கொலரை இழுத்துவிட்டார். பிறகு, “ஓம் சேர்,” என்றார்.

“வேணுமெண்டாக் குடிச்சுப் பாருங்கோ.”

ஒரு ரம்ளரில் தண்ணீர் வந்தது. நான் ஒரு வாய் எடுத்து, முகத்தைச் சுளித்து, வெளியே போய்த் துப்பினேன். முப்பத்தெட்டு வருடமாக நான் பெருமை பேசிய தண்ணீர். உள்ளே வர, பார்த்தீபன் குடித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் விழுங்கினார். இன்னொருதரம் விழுங்கினார். அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் பரவியதை நான் கண்டேன். ஆளைக் கண்டுபிடித்தால் பதினொரு படிவம் நிரப்ப வேண்டும். உப்புக்கு ஒரு படிவம்தான்.

“ஆம்,” என்றார். “சற்று உவர்ப்பாகத்தான் இருக்கிறது.”

“சற்றெண்டு இல்லை சேர்,” என்றார் பஞ்சலிங்கம், தானும் ஒரு வாய் குடித்துவிட்டு. “நாக்கு அவியுது.”

ரம்ளர் சுற்றி வந்தது. குழுவில் இருந்த எல்லோரும் குடித்து, எல்லோரும் உப்பென்றார்கள். கடைசியில் அது மயூரதனிடம் வந்தது. அவர் வலது கையை எடுத்து நீட்டினார். கை ஆடியது, தண்ணீர் தளம்பிச் சேட்டில் ஊற்றியது. பார்த்தீபன் தலையைத் தூக்கினார். சிமியோன் எட்டி, ரம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“கடல் சேர்,” என்றார். “எங்கடை குருநகர்க் கடல்.”

கடலுக்குப் பக்கத்தில் பிறந்த ஆளின் வாக்கு. எழுதுகிற பிள்ளை அதையும் எழுதினாள். விசாரணைக் கோவை மூடப்பட்டது.

அடுத்த கிழமை கிணற்றில் அவர்கள் பக்கத்துப் பாதிக்கு இரும்பு வலை போட்டுக் கப்பியைக் கழற்றினார்கள். ‘உவர் நீர். குடிக்க உகந்ததல்ல’ என்று மும்மொழிப் பலகை வந்தது, அம்புக்குறியோடு. நிலையத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. அதை நிரப்புகிற பீப்பாய்கள் எல்லாம் இரகசிய அறைக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. கமெரா அவற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் பக்கத்துக்கும் ஒருவரும் வாளியோடு வருவதில்லை. கிணறு உவர் என்று ஒலிபெருக்கியே சொல்லிவிட்டது. யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது. பஸ் தரிப்பிடத்துக்குப் போனால் கேட்கிறார்கள்.

“அக்கா, அண்டைக்கு விசாரணையிலை உவர் உவர் எண்டு தேடினவை, ஆரது?”

“தண்ணி பிள்ளை.”

“சும்மா சொல்லுங்கோ அக்கா. உங்களுக்குத் தெரியாமலோ?”

“தண்ணியெண்டுதானே சொல்லுறன்.”

நிலையத்து ஆட்கள் என் வாசல் படலையால் வருகிறார்கள். வேலை முடிந்த கையோடு ஒருவர் வருவார், பின்னால் பட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சிமியோன் வருவார். அந்த நேரம் நான் கீரையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவேன். போன செவ்வாய்க்கிழமை படலைக்குள் ஒரு சைக்கிள் சாத்திக் கிடந்தது. லோஜனுடையது. நான் கண்டதாகக் காட்டவில்லை.

மயூரதனைப் போய் விசாரிக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் நிலையத்தில் ஒருவர் இருக்கிறார். தொலைபேசி எடுக்கிறவர். வாகனம் ஓடத் தெரியாது. படுத்தால் விடியுமட்டும் எழும்பாத ஆள். அவரிடம் கேட்டுத்தான் இந்தக் கதைக்குப் பெயரை இரவல் வாங்கினேன்.

உவர் இன்றைக்குப் பின்னேரமும் வந்தார். என் கப்பிக்கு எண்ணெய் விட வேண்டும் என்று என் மகன் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தரமும் சொல்லுகிறான். நான் விடவில்லை. முன்பக்கம் இருந்து கேட்டேன். ஏழு தரம் கத்தியது.